அமிர்தராஜின் குட்டியானையும் வயிற்றெரிச்சலும்

அனுமந்தன்பட்டி அமிர்தராஜிடம் மகளுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆனது என்று கேட்டால் சட்டென்று சொல்ல மாட்டார். கொஞ்சம் தாடையைச் சொறிந்துவிட்டு, “பிரான்சிஸ் மேஜிக் வண்டி எடுத்தாம் பாருங்க, அதுக்கு மறு வருசம்” என்பார். வீட்டுக்குத் தளம் போட்டது எப்போது என்றால், “கோல்டு வண்டி வந்துச்சுல்ல, அந்த வருசம்” என்பார். அடுத்தவர் வாங்கிய வண்டியை வைத்துத்தான் அவருக்குக் காலண்டர். அவருடைய வயிற்றெரிச்சலை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாலே போதும், கம்பம் பள்ளத்தாக்கில் சின்னச் சரக்கு வண்டிகள் வந்த வரலாறு முழுசாகக் கிடைத்துவிடும்.

ஆனால் அந்த வரலாற்றின் தொடக்கத்தில் அவர் பொறாமைப்பட்டவர் இல்லை. அவரைப் பார்த்து ஊரே பொறாமைப்பட்டது. அந்தக் கொடுமையால்தான் பின்னால் வந்ததெல்லாம்.

முதலில் அவர் ஓட்டியது மூன்று சக்கர லோடு ஆட்டோ. அதற்கு ஸ்டியரிங் கிடையாது, பைக்குக்கு இருப்பது மாதிரி கைப்பிடிதான். காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கம்பம் கமிஷன் கடைக்கு வருவார். திருப்பத்தில் கொஞ்சம் வேகம் கூடினால் ஒரு பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். கமிஷன் கடை வாசலில் லாரிக்காரர்கள், “ஏய் ஆட்டோ, ஓரமாப் போ” என்று விரட்டுவார்கள். அவருக்குப் பெயர் இருப்பதாகவே அவர்கள் நினைத்ததில்லை.

அப்போதுதான் குட்டியானை வந்தது. கம்பெனி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது, அது யாருக்கு வேண்டும்? லாரி யானை என்றால் இது அதன் குட்டி. நாலு சக்கரம், வட்டமான ஸ்டியரிங், கதவு, கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி. ஓட்டுகிறவனுடைய சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின். சித்திரை மாசம் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். இருந்தும் அமிர்தராஜுக்கு அது சிம்மாசனமாக இருந்தது. ஊரில் முதல் குட்டியானை அவருடையதுதான். மாதா கோயில் பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சாமி அந்தப் பக்கம் போனதும் மனைவி லூர்து மேரி முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள்.

“சாமி பாத்தாகன்னா திட்டப் போறாகடி” என்றார் அமிர்தராஜ்.

“அவுக பாக்கல. மாதா பாத்தாலும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக. நீங்க வண்டியை எடுங்க” என்றாள்.

அந்த வருஷத் திருவிழாவில்தான் அவருக்கு அந்தப் பதவி கிடைத்தது. அதுவரை மாதா சப்பரம் டிராக்டர் டிரெய்லரில் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர் ஒரு முறை உறுமினால் மாதாவின் கிரீடம் இரண்டு முறை ஆடும். கோயில்பிள்ளை வியாகுலம், பூசைக்கு மணியடிப்பதிலிருந்து சப்பரம் கட்டுவது வரை கோயிலில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர், ஒரு நாள் வந்து குட்டியானையின் தொட்டியைச் சாண் வைத்து அளந்தார். ஆசாரியை வரவழைத்து, அந்த அளவுக்கே சப்பரத்தின் கால்களை அறுத்துத் திருத்தினார். அன்றிலிருந்து மாதா ஏறுவது அமிர்தராஜ் வண்டியில்தான் என்றானது.

வருஷம் முழுக்க அவர் திராட்சை, வாழைத்தார், தேவாரம் ஊர்ப்பக்கத்துக் கோஸ் மூட்டை, சினை மாடு, கல்யாணப் பெண்ணின் கட்டில் பீரோ எல்லாம் ஏற்றுவார். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் கியரிலேயே ஊரைச் சுற்றி வருவார். கமிஷன் கடையில் ஒதுங்கி நின்ற மனுஷனுக்குப் பின்னால் ஊரே ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்து வரும். “மாதா வண்டிக்காரர்” என்று பெயரே வந்துவிட்டது. அதற்கென்று ஒரு தொழில் ரகசியமும் வைத்திருந்தார். திருவிழாவன்று காலையில் யாரும் பார்க்காதபோது நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார். வண்டி மெத்தென்று போகும், உயரமும் ஒரு விரல்கடை குறையும். விஜி டீக்கடை முக்கில் கேபிள் வயர்கள் கொத்தாகத் தொய்ந்து கிடக்கும். முதல் வருஷம் மாதாவின் கிரீடம் அதில் உரசப் பார்த்தது, கண்ணாடியில் அதைப் பார்த்தவர் அடுத்த வருஷத்திலிருந்து இந்த வேலையைத் தொடங்கினார். ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் வந்தது வினை. லூர்து மேரியின் தம்பி பிரான்சிஸ், வறண்ட கண்மாய்க்குள் இதே குட்டியானையில் வண்டி பழகியவன், அமிர்தராஜிடம் தலையில் கொட்டு வாங்கி கியர் மாற்றக் கற்றவன், மேஜிக் வாங்கினான். வேறொன்றுமில்லை, குட்டியானைக்கே கூரை போட்டு உள்ளே சீட்டு வைத்தது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அமிர்தராஜ் வண்டியில் எந்தக் காலத்திலும் யாரும் சிரித்துக்கொண்டு போனதில்லை, கோஸ் மூட்டை சிரிக்குமா? தன் வண்டிக்கே எவனோ சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு திரிகிறான் என்று அவருக்கு எரிந்தது.

பிறகு ஜிப் என்று ஒரு பொடி வண்டி வந்தது. கேன் தண்ணீர் போடுகிற சுரேஷ்கண்ணன் வாங்கினான். குட்டியானையை விடச் சின்னது, அதைப் பார்த்தாவது அவர் சும்மா இருந்திருக்கலாம். இல்லை. குட்டியானை நுழையாத சந்தில் அது நுழைகிறதே என்று எரிந்தது. அப்புறம் கோல்டு என்று புதுக் குட்டியானை வந்தது, முகம் திருத்தி, உள்ளே டேஷ்போர்டெல்லாம் பளபளவென்று. அப்புறம் பெட்ரோலில் ஓடுவது, கேஸில் ஓடுவது. தேனியில் ஒரு நாள் பார்சல் கம்பெனி வாசலில் கரன்ட் குட்டியானை நின்றது. கிளம்பும்போது சத்தமே வரவில்லை. அமிர்தராஜ் கிட்டப் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ரசம் காரமாக இருக்கிறதென்று லூர்து மேரியிடம் சண்டை போட்டார்.

இருந்தாலும் எந்த எரிச்சலும் ஒரு அளவோடு நின்றது. எவன் எதை வாங்கினாலும் மாதா ஏறுவது தன் வண்டியில்தானே என்ற ஒன்று இருந்தது. அதை நினைத்தால் வயிறு குளிர்ந்துவிடும்.

போன தை மாசம் பிரான்சிஸ் புது பிக்கப் எடுத்தான். அது குட்டியானை வகையறாவே இல்லை, அடுத்த சாதி. நீளமான தொட்டி, உயரமான சக்கரம், ஒரு விரலால் சுற்றுகிற பவர் ஸ்டியரிங், கேபினுக்குள் ஏசி. சரக்கு வண்டிக்கு ஏசி! அமிர்தராஜ் அந்த வண்டியைத் தொடவே மாட்டேன் என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார். ஆனால் பிரான்சிஸ் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம், கண்ணாடி எவ்வளவு அகலம், கொக்கி எத்தனை இடத்தில் என்று அவருக்குத் தெரிந்த அளவு வாங்கினவனுக்கே தெரியாது.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மச்சான்” என்று பிரான்சிஸ் சாவியை நீட்டினான்.

“கால் வலிக்குது மாப்ள. பெறகு பாப்போம்” என்றார்.

அன்றிலிருந்து கால் வலி தொடர்ந்தது. சாவி நீட்டப்படும்போதெல்லாம் வலித்தது. பிக்கப்பின் பின்பக்கக் கதவில் பெயின்டர் எழுதிவிட்டிருந்தான்: ‘எரியுதா நண்பா? தண்ணி குடி.’ காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வரை அதன் பின்னாலேயே தூசி தின்றுகொண்டு அந்த எழுத்தைப் படித்தபடி வரும் கதி அவருக்கு அடிக்கடி வாய்த்தது. முந்திப் போகலாமென்றால் குட்டியானைக்கு மூச்சு இல்லை.

திருவிழா நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியது. வியாகுலம் எழுந்து, அமிர்தராஜின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“இந்த வருசம் சப்பரத்தைப் பிரான்சிஸ் வண்டியில ஏத்துவோம்னு சாமியும் சொல்றாக. அமிர்தராஜ் வண்டி பொகை கக்குது. பின்னாடி ஜெபமாலை சொல்லிட்டு வார பொம்பளைக இருமி இருமி, பாதிக்கு மேல சொல்லவே முடியலங்காக.”

அமிர்தராஜ் சுற்றிப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிரான்சிஸ் மட்டும், “மச்சான் வண்டியே போகட்டுமே, பொகையைச் சரி பண்ணிக்கிடலாம்” என்றான். அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. இவன் விட்டுக்கொடுத்து நான் வாங்குவதா?

“புது வண்டியிலயே போகட்டும். எனக்கென்ன?” என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் லூர்து மேரி அடுப்படியிலிருந்து கேட்டாள். “யாரு வண்டியில போனா என்னங்க? என் தம்பி வண்டிதான?”

“உனக்குச் சந்தோசமா இருக்குல்ல?”

“இருக்குது. போன வருசம் உங்க வண்டிப் பொகையில நானும்தான் இருமுனேன். உங்ககிட்டச் சொன்னனா?”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பிக்கப்பின் தொட்டி உயரம். சப்பரத்தின் கால் குட்டியானைக்கு அளவெடுத்தது. கிரீடம் இத்தனை வருஷமும் விஜி டீக்கடை முக்கில் வயருக்கு அடியில் தப்பிப் போனது, அதுவும் டயரில் காற்று இறக்கியதால். பிக்கப்பில் ஏற்றினால் கிரீடம் நேராக வயரில் போய் மாட்டும்.

அமிர்தராஜ் எழுந்து உட்கார்ந்தார். பல மாசங்களுக்குப் பிறகு அவருக்கு நல்ல பசி எடுத்தது.

கிரீடம் விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மாதாவின் கிரீடத்தைத் தள்ளிய வண்டி என்ற பெயர் விடிவதற்குள் கம்பம் கமிஷன் கடை வரை போய்விடும். இங்கே திராட்சைக்காரர்கள் வண்டியைப் பார்ப்பதை விட அதன் ராசியைப் பார்ப்பவர்கள். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் அதில் வித்தியாசம் கிடையாது. ராசியில்லாத வண்டியில் ஒரு பெட்டி ஏற்ற மாட்டார்கள். ஏசி போட்டுக்கொண்டு பிரான்சிஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அமிர்தராஜ் கெட்டவர் இல்லை, யாருக்கும் ஒரு கெடுதல் செய்ததில்லை. ஆனால் அன்று இதை ஆசைப்பட்டார். வாய் ஊற ஆசைப்பட்டார்.

திருவிழாவன்று மத்தியானம் பிரான்சிஸ் வந்து வாசலில் நின்றான்.

“மச்சான், சப்பரம் கட்ட வாங்க. கால் வலின்னா சும்மா வந்து உக்காந்து சொல்லுங்க, நான் கட்டிக்கிடுறேன். இத்தன வருசம் ஓட்டியிருக்கீக. நான் ஏதாச்சும் பாத்துப் போகணுமா?”

நேராகக் கேட்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆசாரி வந்து சப்பரத்தின் காலை அறுத்துவிட்டுப் போவார்.

“என்ன இருக்கு? மெதுவாப் போ, அம்புட்டுத்தான்” என்றார் அமிர்தராஜ்.

சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டையும் போடவில்லை. விஜி டீக்கடை முக்கில் தன் குட்டியானையை நிறுத்தியிருந்தார். திராட்சைப் பந்தலில் தொய்ந்த கம்பிக்கு முட்டுக் கொடுக்கிற கவைக்கம்புகளைத் தோட்டத்தில் இறக்காமல் இன்னும் அதிலேயே வைத்திருந்தார். அதில் ஒன்றை உருவி ஊன்றிக்கொண்டு நின்றார். கால் வலிக்காரர் சும்மா நின்றால் நாலு பேர் கேட்பார்கள் அல்லவா? அதற்காகத்தான் எடுத்தேன் என்று பிறகு தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டார்.

மைக் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் முக்கு திரும்பிச் சப்பரம் வந்தது.

அமிர்தராஜுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அவர் இதைப் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் மாதாவைச் சுமந்தவர் மாதா வருவதை ஒரு தடவையும் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் முன்னால் இருக்கிற ரோடு, கண்ணாடியில் ஒரு துண்டு, அதில் நாலு தலை. நீலச் சால்வைக்கு மேலே அந்த முகம், சீரியல் பல்பு வெளிச்சத்தில், மல்லிகை மாலைக்கு நடுவில், தெருவில் ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பார்த்து விசாரித்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் உப்பும் மிளகும் அள்ளிச் சப்பரத்தின் மேல் தூவினார்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் மறுநாள் தொட்டியைக் கழுவும்போது அவர் அந்த உப்பைத் திட்டியிருக்கிறார். தகரத்தை அரித்து ஓட்டையாக்கியதே அதுதான். யார் எதற்காக வேண்டித் தூவுகிறார்கள் என்று இன்றைக்குத்தான் முகம் முகமாகப் பார்த்தார்.

சப்பரத்துக்குப் பின்னால் முதல் வரிசையில் லூர்து மேரி வந்தாள். முக்காடு போட்டு, மாதாவை நிமிர்ந்து பார்த்தபடி, ஜெபமாலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள். இருமவில்லை. அதையும் அவர் கவனித்தார், அதற்கும் எரிந்தது.

கிரீடம் வயரை நெருங்கியது.

“ஏலே பிரான்சிஸ், நிறுத்துலே! வயரு, வயரு!” என்று டீக்கடைப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். பிரான்சிஸுக்குக் கேட்கவில்லை. ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான். வெளியே மைக். வயர்க் கொத்து கிரீடத்தின் சிலுவையில் போய் உட்கார்ந்தது. கிரீடம் பின்பக்கமாகச் சாயத் தொடங்கியது. லூர்து மேரியின் வாயில் ஜெபம் நின்றது.

அமிர்தராஜ் சந்தோஷப்பட்டார். பொய் சொல்லக் கூடாது, பட்டார். அந்தச் சந்தோஷம் நெஞ்சுக்குள் ஏறி முடிப்பதற்குள் அவர் ஓடிக்கொண்டிருந்தார். கவைக்கம்பை மேலே வீசி, பந்தல் கம்பியைத் தூக்குகிற அதே கைவாக்கில் வயர்க் கொத்தைக் கவையில் ஏந்தி, எம்பித் தூக்கினார். பிக்கப் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. அவரும் கம்பைத் தூக்கியபடியே கூட நடந்தார். கிரீடம் ஒரு தடவை ஆடி, நிமிர்ந்து, வயருக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. யாரோ அள்ளி வீசிய உப்பு முழுக்க அவர் தலையில் விழுந்தது. கம்பை இறக்கும்போது பிக்கப்பின் பெரிய கண்ணாடியில் இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

சப்பரம் கோயிலில் நிலை சேர்ந்தது. எல்லோரும் பிக்கப்பைத் தட்டித் தட்டிப் புகழ்ந்தார்கள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு பொட்டுப் புகை இல்லை என்றார்கள். “டீக்கடை முக்குல மாதாவே பாத்துக்கிட்டாக” என்றார் வியாகுலம். “இனிமே வருசா வருசம் இந்த வண்டிதான்.”

அமிர்தராஜ் வேப்பமரத்தடியில் தலையிலிருந்து உப்பை உதறிக்கொண்டு நின்றார். பிரான்சிஸ் அவரைத் தேடி வந்தான்.

“கால் வலின்னீக. அம்புட்டு வேகமா ஓடி வந்தீக?”

“வலி விட்டுருச்சு.”

“கம்போட நின்னீக மச்சான். வயரு அங்கன எறங்கிக் கெடக்குறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அமிர்தராஜ் மனைவி பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்தார். தூரத்தில் அவள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். “தெரியும்” என்றார்.

“மத்தியானம் வந்து கேட்டேன்ல?”

“கேட்ட.”

“பெறகு ஏன் சொல்லல?”

“வயித்தெரிச்சல்தாம்லே. வேற என்ன? ஒன் வண்டியப் பாத்தா எனக்கு எரியுது. மேஜிக் எடுத்த நாள்லருந்து எரியுது. பின்னாடி நீயே எழுதித்தான வச்சிருக்க.”

பிரான்சிஸ் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் கோபம் இருந்தது. பிறகு வேறு குரலில் கேட்டான்.

“உள்ள உக்காந்து எனக்கு ஒண்ணுமே தெரியல மச்சான். ரோட்டத்தான் பாத்தேன். நீங்க வெளிய நின்னீகள்ல, மாதா எப்படி இருந்தாக?”

அமிர்தராஜுக்குச் சொல்ல வாய் வந்தது. சால்வையை, பூவை, தெருவை விசாரித்துக்கொண்டு வந்த அந்த முகத்தை. ஆனால் மேஜிக்கும் பிக்கப்பும் ஏசியும் வைத்திருக்கிறவனிடம் இல்லாத ஒன்று முதல் தடவையாகத் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தது. அதை அவ்வளவு சீக்கிரம் எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

“அதெல்லாம் சொன்னா வெளங்காது. அடுத்த வருசம் ஒன் வண்டிய நான் ஓட்டுறேன். நீ முக்குல நின்னு பாரு.”

பிரான்சிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இது மனசார வந்த பேச்சா, மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வழியா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால் அமிர்தராஜுக்கும் பிடிபடவில்லை. அவன் சாவியை நீட்டினான்.

இந்தத் தடவை கால் வலிக்கவில்லை. அமிர்தராஜ் ஏறி உட்கார்ந்தார். தொடைக்கு அடியில் சூடு இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் அது வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஏசிக் காற்று முகத்தில் பட்டு, முடிக்குள் மிச்சமிருந்த உப்பு குளிர்ந்தது. கோயில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பிரான்சிஸ் ஜன்னலோரம் வந்து, “எப்படி மச்சான்?” என்றான்.

“ம். பரவால்ல” என்றார் அமிர்தராஜ்.

வண்டி நல்லாயிருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.